பத்து ரவுண்டுக்கும் பொட்டு வைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணி. தருமபுரியிலிருந்து தொப்பூர் போகிற பக்கம், ஒரு கரட்டின் அடிவாரத்தில் எங்களுடைய துப்பாக்கி சுடும் மைதானம் இருக்கிறது. மைதானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கரட்டை ஒட்டி ஒரு மண்மேடு, அதன் முன்னால் மனித உருவம் வரைந்த அட்டைகள், இந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். அன்று அங்கே நான் பட்ட வெட்கமும், அதே ஒரு நிமிடத்துக்குள் அடைந்த பெருமையும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

நான் போலீஸ். ஆயுதப்படைக் காவலர். பிறந்தது கம்பைநல்லூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். கல்யாணமாகி வந்தது தருமபுரி டவுனுக்கு. கணவர் பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார். ஒரே மகள், அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தச் சமயத்தில் நான் ஒரு பெண் நீதிபதிக்குக் கன்மேனாக இருந்தேன். அந்த வேலையைப் பெண் பார்த்தாலும் பெயர் கன்மேன்தான், அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. இடுப்பில் ஒரு பிஸ்டல், அதன் மேகசினில் பத்து ரவுண்டு, அதாவது தோட்டா. அவர் போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டும். ஒரு வழக்கில் அவர் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு மிரட்டல் கடிதங்கள் வந்ததால் கொடுத்த பாதுகாப்பு அது.

எங்கள் பிரிவில் இந்த வேலைக்குப் போன முதல் பெண் நான். கிடைத்த நாளில் வீட்டில் பாயசம் வைத்தேன். ஆனால் பிரிவுக்குள் முணுமுணுப்பு இருந்தது. அதிலும் ஒரு ஏட்டையா, எனக்குப் பத்து வருடம் சீனியர், ஒகேனக்கல் பக்கத்துக்காரர், அந்த டியூட்டி தனக்கு வரும் என்று காத்திருந்தவர். நேரில் நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, இடுப்புல வெச்சிருக்கிறது பிஸ்டலா, சாவிக்கொத்தா?" என்பார். நானும் விடமாட்டேன். "வேணும்னா திறந்து பாருங்க ஏட்டையா, எந்த வூட்டு சாவின்னு தெரியும்" என்பேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதற்குக் காரணமும் இருந்தது. வருடா வருடம் சுடும் பயிற்சியில் பெண்களில் நான்தான் முதலாவதாக வருவேன். கை ஆடாது என்று பெயர். அந்தப் பெயரை நானே நாலு பேரிடம் சொல்லி வளர்த்தும் வைத்திருந்தேன்.

போதாததற்கு, தொப்பூர் கணவாயில் ஒரு சம்பவம். அந்த வருடம் தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, நீதிபதி அம்மாவுடன் சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து, வண்டிகள் ஊர்ந்துகூடப் போகவில்லை. அப்போது ஒரு ஆள் பைக்கை நிறுத்திவிட்டு நேராக எங்கள் காரை நோக்கி வந்து, அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான். ஒரு கை ஜெர்கினுக்குள் இருந்தது. நான் கதவைத் திறந்து இறங்கி, பிஸ்டல் மேல் கையை வைத்து, "கைய வெளிய எடு, மெதுவா எடு" என்றேன். அந்த ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜெர்கினுக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு பால் பாட்டில். ரோட்டோரம் அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா என்று கேட்க வந்த மனுஷன். அம்மா தன் பிளாஸ்க்கையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையை ஒரு மாதம் முழுக்கப் பிரிவில் எல்லோருக்கும் சொன்னேன். பால் பாட்டிலைச் சிரிப்புக்காகச் சொன்னாலும், "ஒரு நொடியில கை போயிடுச்சு, துளி ஆடலை" என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அதற்குப் பிறகு ஒருநாள் காலை வாக்கிங்கின்போது அம்மா சொன்னது இன்னும் மேலே ஏற்றிவிட்டது. "முன்னாடியெல்லாம் நாலடிக்கு ஒரு தடவ பின்னாடி திரும்பிப் பாப்பேன். நீ வந்ததுக்கப்புறம் அந்தப் பழக்கம் விட்டே போச்சும்மா." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மெடல் குத்திய மாதிரி இருந்தது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு எங்கள் பிரிவில் எல்லா ஆயுதங்களையும் துடைத்து, வரிசையாக வைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்தோம். எங்கும் நடப்பதுதான். எனக்கு அது போதவில்லை. என் உயிரையும் இன்னொருவர் உயிரையும் காக்கிற ஆயுதம் ஆயிற்றே என்று, மேகசினிலிருந்து பத்து ரவுண்டையும் வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றையும் துப்பாக்கி துடைக்கிற எண்ணெயில் தோய்த்த துணியால் பளபளவென்று துடைத்தேன். ரவுண்டின் பின்பக்கத்தில், நட்ட நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். விசையை அழுத்தியதும் ஊசி வந்து குத்துகிற இடம் அதுதான். அங்கே குத்தினால்தான் உள்ளே மருந்து பற்றும். பார்ப்பதற்கு நெற்றி மாதிரியே இருக்கும். அந்த நெற்றியில் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். பத்துக்கும் வைத்தேன். அவ்வளவு அழகாக இருந்தன.

பூஜையோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிய கையோடு ரவுண்டுகளை வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, பொட்டைப் புதுப்பித்துத் திரும்ப மேகசினில் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். என் கணவர் காப்பி குடித்துக்கொண்டே பார்ப்பார். "ஏன்டி, லாரிக்கு நான்கூட வருசத்துக்கு ஒருக்காதான் பொட்டு வெக்கிறேன். நீ வாராவாரம் வெக்கிறியே" என்பார்.

"உங்க லாரி நின்னா தக்காளிதான் அழுகும். இது நின்னா?" என்று கேட்பேன். அவர் தம்ளரைக் கழுவப் போய்விடுவார்.

இனி அந்தப் புதன்கிழமை காலைக்கு வருகிறேன். வருடாந்திரப் பயிற்சி. பதினான்கு பேர் வந்திருந்தோம். சிவப்புக் கொடி ஏற்றியாகிவிட்டது. கரட்டு மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரை ஏட்டையா சத்தம் போட்டு விரட்டிக்கொண்டிருந்தார். "சுடப் போறோமுங்க, ஆட்ட அந்தப்பக்கம் ஓட்டுங்க!" ஆடு மேய்த்தவர் அங்கிருந்தே கத்தினார். "வருசம் பூரா சும்மா கெடக்குது, நான் வர்ற அன்னிக்குன்னு பாத்துத்தான் சுடுவீங்களா?" ஆடுகள் அவசரமே இல்லாமல் இறங்கின.

எங்கள் பயிற்சியில் ஒரு நடைமுறை உண்டு. யாரும் எழுதி வைத்ததல்ல, பழக்கம். மைதானத்துக்கு வந்ததும் தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற டியூட்டி ரவுண்டுகளை எடுத்து மேஜையில் வைத்துவிடுவோம். சுடுவதற்குப் புதுப் பெட்டியிலிருந்து பிராக்டிஸ் ரவுண்டு தருவார்கள். அதைச் சுட்டு முடித்து, டியூட்டி ரவுண்டை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போவோம். ஆக, வருடக்கணக்கில் எங்கள் இடுப்பில் இருக்கும் ரவுண்டு ஒருநாளும் சுடப்பட்டதே இல்லை. அது கையில் இருக்கிறது என்பதே தைரியம்.

அன்று பயிற்சிக்குப் பொறுப்பாக வந்தவர் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எஸ்.ஐ. என்னைவிட எட்டு வயது இளையவர். அணிவகுப்பில் கறாராக இருப்பார், மற்ற நேரம் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் வழக்கம்போல மேகசினைக் கழற்றி மேஜையில் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அத வைக்காதீங்க. இன்னிக்கு அதத்தான் சுடப் போறீங்க."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏட்டையா முன்னால் வந்தார். "மேடம், அது டியூட்டி ரவுண்டுங்க. அத நாங்க தொடறதே இல்லைங்க."

"அதனாலதாங்க ஏட்டையா சுடச் சொல்றேன். தெனம் இடுப்புல இருக்கிறது ஒண்ணு, இங்க வந்து சுடறது வேற ஒண்ணுன்னா, என்னத்துக்குப் பிராக்டிஸ்? பழசச் சுட்டுத் தீர்த்துட்டு, புதுசு வாங்கிட்டுப் போங்க. பெட்டி வந்திருக்குது" என்றார் எஸ்.ஐ. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விதியைச் சொன்னார். பதினைந்து மீட்டர் தூரம். ஒரு நிமிடம். பத்து ரவுண்டு. அட்டையில் நெஞ்சில் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் ஏழு விழ வேண்டும். ரவுண்டு வெடிக்காவிட்டால் மாற்று ரவுண்டு கிடையாது. பிஸ்டலின் மேல்பகுதியை இழுத்து அதை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைச் சுட வேண்டும். "ரோட்டுல மாத்து ரவுண்டு யாரும் தரமாட்டாங்க" என்றார். ஏழுக்குக் குறைந்தால் கன்மேன் டியூட்டியிலிருந்து எடுத்துவிட்டுப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. என் பெயருக்கு அடுத்த பெயர் ஏட்டையாவுடையது. அவர் கொட்டகைத் தூணில் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குத் துளிப் பயமில்லை. வருடா வருடம் பத்துக்கு ஒன்பது அடிக்கிறவள் நான். "நானே மொதல்ல போறேன் மேடம்" என்று முன்னால் போய் நின்றேன். காதை மூடும் குமிழை மாட்டினேன். விசில் ஊதியது.

முதல் ரவுண்டு. நேராக வட்டத்தில். இரண்டாவதும் அப்படியே. எனக்குள் ஒரு சிரிப்புக்கூட வந்தது. மூன்றாவதுக்கு விசையை அழுத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான். வெடிக்கவில்லை. ஆனால் அதைவிட மோசமான ஒன்று அந்த நொடியில் நடந்தது. வெடிக்கவே இல்லை, இருந்தும் பிஸ்டலின் முனை ஒரு விரற்கடை கீழே இறங்கியது. நான்தான் இறக்கியிருந்தேன். வெடிச் சத்தம் வரப்போகிறது என்று என் கை முன்கூட்டியே பயந்து அமுக்கியிருக்கிறது. இத்தனை வருடமும் வெடியின் அதிர்ச்சியில் அது யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. வெடி இல்லாத ஒரு நொடியில் அத்தனை பேருக்கும் முன்னால் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது. கை ஆடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளின் கை ஆடுகிறது.

முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. ஆனால் நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல்பகுதியை இழுத்தேன். வெடிக்காத ரவுண்டு துள்ளி வெளியே விழுந்தது. நான்காவது வெடித்தது. ஐந்தாவதும். இரண்டும் உள்ளே விழுந்தன என்று நினைக்கிறேன், பார்க்க நேரமில்லை. ஆறாவது, டிக். மறுபடி முனை இறங்கியது, ஆனால் முன்பு போல இல்லை. "ஆடுறியே, ஆடுறியே" என்று என்னையே திட்டிக்கொண்டு இழுத்துத் தள்ளினேன். ஏழு, எட்டு. இரண்டும் வெடித்தன.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். சுட்டது ஆறு. ஆறும் உள்ளே இருந்தால்கூட இன்னும் ஒன்று வேண்டும். மிச்சம் இரண்டு ரவுண்டு. பின்னால் எஸ்.ஐ.யின் குரல், "இருபது செகண்ட்."

அந்த இருபது செகண்டில் எனக்கு நினைவுக்கு வந்தது டியூட்டி அல்ல, ஏட்டையாவின் சிரிப்புமல்ல. பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிற நீதிபதி அம்மாவின் முதுகு. மூச்சை உள்ளே இழுத்துப் பாதி விட்டேன். சத்தத்துக்காகக் காத்திருக்காதே, முனையை மட்டும் பார் என்று சொல்லிக்கொண்டேன். ஒன்பதாவதை அழுத்தினேன்.

டிக்.

மூன்றாவது தடவை. ஆனால் இந்தத் தடவை பிஸ்டலின் முனை அசையவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கடைசி ரவுண்டுதான் மிச்சம், அதுவும் வெடிக்குமா என்று தெரியாது, ஆனால் பயம் போய்விட்டிருந்தது. இழுத்துத் தள்ளினேன். பார்த்தேன். அழுத்தினேன். வெடித்தது. விசில் ஊதியது.

பிஸ்டலைக் காலி செய்து காட்டிவிட்டு நின்றேன். எஸ்.ஐ. அட்டைப் பக்கம் போகவில்லை. குனிந்து கீழே கிடந்த வெடிக்காத ரவுண்டுகளில் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, பின்னாடி என்னது இது, செவப்பா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "குங்குமமுங்க மேடம்."

"குங்குமமா?"

"கீழ சந்தனமும் இருக்குதுங்க. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வைப்பேனுங்க. எண்ணெய்த் துணியால தொடச்சுட்டு."

கொட்டகையே சிரித்தது. எஸ்.ஐ. மட்டும் சிரிக்காமல் அடக்கிக்கொண்டு சொன்னார். "அந்த வட்டத்துல எண்ணெய் பட்டா மெதுமெதுவா உள்ள எறங்கிடுங்க்கா. மருந்து நமுத்துப் போயிடும். பட்டாசு நமுத்துப் போன மாதிரிதான். அதுக்கு மேல சந்தனத்த வேற அப்பி வெச்சிருக்கீங்க, ஊசி எங்க போய்க் குத்தும்?" நமுத்த பட்டாசு என்றதும் தீபாவளிக்கு நாலு நாள் முன்பு தொப்பூர் கணவாயில் நான் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. அன்று என் மேகசினில் இருந்ததும் இதே பத்துதான். வந்தது பால் பாட்டில் இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்திருந்தால்? அன்று மேலே இருந்தது வெடிக்கிற ரவுண்டா, டிக் ரவுண்டா? கடவுளுக்குத்தான் தெரியும். அவருக்குத்தானே நான் பொட்டு வைத்தேன்.

"போய் அட்டையப் பாருங்க" என்றார் எஸ்.ஐ. பிறகு வேண்டுமென்றே ஏட்டையா பக்கம் திரும்பி, "நீங்களே எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

ஏட்டையா மெதுவாக நடந்து போனார். விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லோருக்கும் கேட்டது. ஐந்து வரை குரல் சாதாரணமாக இருந்தது. ஆறில் நிறுத்தி, அட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அவர் திரும்பினார்.

"ஏழு. ஏழும் உள்ள. கடைசி நட்டநடுவுல."

மைதானமே கைதட்டியது. பெண் காவலர்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து என்னவோ ஒரு சத்தம் போட்டேன். சுட்டது ஏழு, விழுந்தது ஏழு. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகச் சுட்டதே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. எஸ்.ஐ.க்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எல்லாரும் மேகசினைக் காட்டுங்க" என்றார். கூட்டத்தில் திடீரென்று சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக ரவுண்டுகளை வெளியே எடுத்தார்கள். பதினான்கு பேரில் பதினோரு பேர் மேகசினில் பொட்டு! என்னை மாதிரி வாராவாரம் இல்லை, ஆயுத பூஜைக்கு வைத்ததோடு சரி. இருந்தாலும் பொட்டு பொட்டுதானே. ஏட்டையாவின் மேகசினில் காய்ந்து சுருங்கிய ஒரு சாமந்தி இதழே ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், பதறினால் அதுதான் வாயில் வரும். "ஏனம்மா இது!" என்று, அதாவது 'என்னம்மா இது' என்று, அவருடைய மேகசினைப் பார்த்து அவரே கேட்டார். "சாவிக்கொத்துல பூ சுத்தி வெச்சிருக்கீங்களா ஏட்டையா?" என்று கேட்டேன். சும்மா விடுவேனா? ஆனால் அவர் சுட்டபோது இரண்டு வெடிக்கவில்லை, ஆறுதான் உள்ளே விழுந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, "ஏம்மா, டிக்குனு கேட்டதுமே எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. நீ எப்படித்தான் அடுத்தத அடிச்சியோ" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பயிற்சி முடிந்து எல்லோரும் வேனில் ஏறும்போது எஸ்.ஐ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, ஏழு விழுந்ததுக்காக மட்டும் நான் பாஸ் போடலை. மொத டிக்ல உங்க கை எறங்குச்சு, பாத்தேன். ரெண்டாவதுல கொஞ்சமா எறங்குச்சு. மூணாவதுல அசையல. ஒரு நிமிசத்துக்குள்ள கைய மாத்திக்கிட்டவங்கள நான் பாத்ததில்லை." என்னைவிட எட்டு வயது சின்னவர் சொன்னதைக் கேட்டு நான் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தேன். மனதார வைத்த சல்யூட் அது.

அந்த மூன்று ரவுண்டுகளையும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. விடுவார்களா? வெடித்த ரவுண்டின் காலிக் கூட்டையும் வெடிக்காத ரவுண்டையும் எண்ணிக்கை தப்பாமல் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டு, புதுப் பெட்டியிலிருந்து பத்து ரவுண்டு வாங்கிக்கொண்டேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அன்று சாயங்காலம் நீதிபதி அம்மாவின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமலே விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. டியூட்டியும் எனக்கே உறுதியாகிவிட்டது. ஆனால் தொப்பூரில் அவர் என் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. "அன்னிக்கு என்கிட்ட இருந்த ரவுண்டு வெடிச்சிருக்குமோ என்னமோ எனக்கே தெரியாதுங்கம்மா. வேற ஆள் வேணும்னா சொல்லிருங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நீதிமன்றத்தில் அந்தப் பார்வையைப் பார்த்துப் பலபேர் வியர்த்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் வியர்த்தது.

"புது ரவுண்டு வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேனுங்கம்மா."

"பொட்டு வெச்சியா?"

"இல்லைங்கம்மா."

"அப்ப காலைல ஆறு மணிக்கு வந்துரு. வாக்கிங் போவணும்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும், வராந்தாவில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு குதி குதித்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்துபோய் லாரியின் முன்கண்ணாடியில் அப்பியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தார். "எதுக்கும் இருக்கட்டும், ரோடு தெரியணுமில்ல" என்றார்.

இப்போதும் நாங்கள் ஆயுத பூஜையைச் சிறப்பாகத்தான் கொண்டாடுகிறோம். பிஸ்டலைக் காலி செய்துவிட்டு, தோலுறைக்குத்தான் பொட்டும் பூவும். ரவுண்டுகளைத் தனியாக ஒரு உலர்ந்த துணியில் வைத்துவிடுவோம், அவற்றை யாரும் தொடக்கூடாது. சாமந்தி மாலையை உறையில் சுற்றுவது ஏட்டையாவின் பொறுப்பு. வருடா வருடம் இடுப்பில் இருக்கிற ரவுண்டைத்தான் சுடுகிறோம், புதிதாக வாங்கிக்கொள்கிறோம். போன வருடம் பத்துக்குப் பத்தும் வெடித்தன, ஒன்பது உள்ளே விழுந்தன. விழாத அந்த ஒன்றைப் பற்றி இப்போது நானே எல்லோரிடமும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் பழக்கமும் போகவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு, மேகசினைக் கையில் எடுத்து, ரவுண்டுகள் ஈரமில்லாமல், எண்ணெய் படாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொள்கிறேன். ஆறு மணிக்கு அம்மா பின்னால் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் எனக்கு முன்னால் நடந்து போகும்போது, அந்த நம்பிக்கையை வாங்கிக்கொள்ள நான் உண்மையிலேயே தகுதி பெற்றது, வெடிக்காத அந்த மூன்று ரவுண்டும் என் கையை எனக்குக் காட்டிக்கொடுத்த அன்றைக்குத்தான் என்று ஒவ்வொரு காலையும் நினைத்துக்கொள்கிறேன்.